அன்டிபயோட்டிக்: பாதியில் நிறுத்தினால் யாருக்கு நட்டம்?

மன்னார்த் தீவில் பல வீடுகளின் அலுமாரியில் ஒரு மருந்துப் பை கிடக்கும். அதற்குள் நாலு அமொக்சிசிலின், இரண்டு அசித்ரோமைசின் என்று மிச்சக் குளிசைகள் இருக்கும். பிள்ளைக்குத் தடிமன் என்றால் அதிலிருந்து ஒன்று கொடுப்போம். அதுவும் தீர்ந்தால், "நானா, போன முறை தந்த அதே குளிசையைத் தாங்க" என்று பாமசியில் போய் நிற்போம். வைத்தியரின் துண்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்பது சட்டம். நடைமுறை எப்படி என்பது நமக்குத் தெரியும்.

நான் வைத்தியர் அல்ல, ஓர் ஆசிரியர். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை இப்படித்தான் விளக்குவேன். ஒரு புண்ணில் கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டு மருந்துக்குத் தாக்குப்பிடிக்கக் கூடியவை. மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அவை போட்டியின்றிப் பெருகுகின்றன. நம் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது என்று சொல்வது தவறு. மாறியிருப்பது கிருமி. தடிமன் போன்றவை வைரஸால் வருபவை என்பதால் அவற்றுக்கு அன்டிபயோட்டிக் வேலையே செய்யாது.

இந்தக் கிருமிகள் அதிகம் சேரும் இடம் வைத்தியசாலை விடுதி. அங்கே நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், சத்திரசிகிச்சைக் காயம் உள்ளவர்கள், சேலைன் ஊசியும் சிறுநீர்க் குழாயும் பொருத்தப்பட்டவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

நம் பகுதி மக்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு நோயை உதாரணமாகச் சொல்கிறேன். அதன் பெயர் மெலியோய்டோசிஸ். இலங்கையில் இது முதன்முதலில் பதிவானது 1927இல். ஈரமண்ணிலும் சேற்றுநீரிலும் வாழும் ஒரு பக்டீரியா, காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உடலுக்குள் போகிறது. மாரி மழையில் வயலில் இறங்குவோருக்கு, அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். கட்டுக்கரைக்குளத்து வயல்களிலும் முசலிப் பக்கத்திலும் வேலை செய்வோர் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

காய்ச்சல், நியூமோனியா, ஆறாத சீழ்க்கட்டி என்று பல உருவத்தில் வருவதால் சிலவேளை காசநோய் என்றும் தவறாக எண்ணப்படுகிறது. நாம் வழக்கமாக வாங்கும் பல அன்டிபயோட்டிக்குகள் இக்கிருமியை ஒன்றும் செய்யா. இரத்தத்தையோ சீழையோ எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில்தான் இது பிடிபடும். முடிவு வர சில நாட்கள் செல்லும். அதற்குமுன் நாமே கண்ட குளிசையை விழுங்கியிருந்தால், பல நோய்களில் அந்தப் பரிசோதனை கிருமியைக் காட்டாமலே போகலாம்.

சிகிச்சையும் நீண்டது. குறைந்தது 10 முதல் 14 நாட்கள் வைத்தியசாலையில் ஊசி, பிறகு வீட்டில் மூன்று மாதமளவு குளிசை. நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும், "சுகமாயிற்று, துண்டு வெட்டித் தாங்க" என்று நோயாளியைக் கூட்டிப்போகும் உறவினர்கள் இருக்கிறார்கள். அடங்கிய நோய் திரும்பி வந்தால் உயிருக்கே ஆபத்து. இங்கிருந்து அனுராதபுரத்துக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அம்புலன்ஸில் கொண்டுபோகும் தூரத்தையும் நினைத்துப் பாருங்கள்.

எல்லா நோய்க்கும் நீண்ட நாள் மருந்து வேண்டும் என்பதில்லை. சிலவற்றுக்கு ஐந்து நாட்களே போதும். அந்தக் கணக்கை வைத்தியர்தான் போட வேண்டும். எலிக்காய்ச்சல் வராமலிருக்க விவசாயிகளுக்கு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளினையும் அவர் சொன்னபடியே எடுக்க வேண்டும்.

நோயாளியைப் பார்க்கப் போவது ஸுன்னத்தான நல்ல காரியம். ஆனால் வேனில் பதினைந்து பேர் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைத் தடவி, அதே கையால் அடுத்த கட்டில்காரருக்கும் முஸாபஹா செய்தால் கிருமியையும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கை கழுவினால் பிரசவ விடுதியில் மரணம் குறையும் என்று 1847இல் வியன்னாவில் செமல்வைஸ் என்ற வைத்தியர் காட்டினார். நாளுக்கு ஐந்து வேளை வுழூச் செய்யும் நமக்கு, விடுதிக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது பெரிய வேலையா?

விடுதியில் வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளைக்கு? கல்ச்சர் எடுத்தாயிற்றா? வீட்டுப் பையில் கிடக்கும் மிச்சக் குளிசைகளை இன்றே ஒதுக்கிவிடுங்கள். அவற்றை அடுத்த வீட்டுக்காரருக்கும் கொடுக்காதீர்கள்.