கொள்ளைநோயின் துறைமுகங்கள் – 6: பம்பாயில் யார் குற்றவாளி?

1894இல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் எர்சேன் பிளேக் கிருமியைக் கண்டறிந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். செத்த எலிகளின் உடலிலும் அதே கிருமி இருந்ததை அவர் அப்போதே பதிவு செய்திருந்தார். இரண்டே ஆண்டுகளில் நோய் பம்பாயைத் தொட்டது.

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் நெறி கட்டிக் காய்ச்சலில் கிடந்தவர்களைச் சோதித்த டாக்டர் அகாசியோ வியகாஸ், வந்திருப்பது பிளேக்தான் என்று அறிவித்தார். தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி அது. கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்ததை அங்கிருந்தவர்கள் கண்டிருந்தார்கள்.

நோய் எங்கிருந்து வந்தது என்பதில் தொடங்கியது வாதம். ஹாங்காங் கப்பல்களில் வந்தது என்றார்கள் ஒரு சாரார். கார்வால், குமாவோன் மலைப்பக்கத்திலிருந்து வந்த சாதுக்கள் கொண்டுவந்தார்கள் என்றார்கள் மற்றவர்கள். எப்படிப் பரவுகிறது என்பதில் இன்னும் குழப்பம். கெட்ட காற்று, ஈர மண், அழுக்கு, தானியம், நோயாளியின் துணி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

இந்த வாதத்தின் விலையை ஏழைகள் கொடுத்தார்கள். அழுக்குதான் காரணம் என்று நம்பிய நிர்வாகம் சாக்கடைகளைக் கழுவியது. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தது. வெளிச்சம் விழுவதற்காகக் கூரை ஓடுகளைப் பிரித்தது. மனிதர்தான் நோயைச் சுமக்கிறார் என்று நம்பியதால் வீடு புகுந்து தேடியது. நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனது. 1896 அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கும் அளவுக்கு அச்சமும் கோபமும் மூண்டன. 1897 பிப்ரவரியில் வந்த கொள்ளைநோய்ச் சட்டம் அரசின் கையை மேலும் வலுப்படுத்தியது. அதற்குள் நகரவாசிகள் லட்சக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

விடை 1898 ஜூனில், இன்னொரு துறைமுகமான கராச்சியில் கிடைத்தது. பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன், தெள்ளுப்பூச்சி மொய்த்த நோயுற்ற எலி ஒன்றை ஒரு கண்ணாடிச் சாடியில் விட்டார். அதற்குள்ளேயே, கம்பிவலைக் கூண்டில் நல்ல எலி ஒன்றைத் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. நோயுற்ற எலி செத்தது. சில நாட்களில் கூண்டு எலியும் பிளேக்கில் செத்தது. தெள்ளு இல்லாத எலிகளை வைத்துச் செய்தபோது நோய் தொற்றவில்லை.

இவ்வளவு தெளிவான சோதனையை, பேராசிரியர் ஃபிரேசர் தலைமையில் அரசு அமைத்த இந்திய பிளேக் கமிஷன் ஏற்க மறுத்தது. 1905இல் தொடங்கிய புதிய ஆய்வுக் குழு, பம்பாய் பரேலில் கினி பன்றிகளை வைத்துச் சோதித்தது. பிளேக் வந்த வீடுகளில் தரையில் திரிந்தவை நோயுற்றன. தெள்ளு தாவி எட்டாத உயரத்தில் தொங்கியவை தப்பின. 1908 வாக்கில் எலித் தெள்ளுதான் நோயைக் கடத்துகிறது என்பது உறுதியானது.

சிமோன் சொன்னதை ஏற்கப் பத்தாண்டு ஆயிற்று. அறிவியலில் தயக்கம் இயல்புதான். ஆனால் இங்கே சந்தேகம் இரு பக்கமும் சமமாக விழவில்லை. எலியைக் குற்றம் சாட்டக் கடுமையான ஆதாரம் கேட்டார்கள். கூலித் தொழிலாளியின் குடிசையைக் குற்றம் சாட்ட ஊகமே போதுமானதாக இருந்தது. நோய்க்குக் காரணம் தேடும் எந்தக் குழுவையும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: ஆதாரம் வருமுன்பே தண்டனை யார் மேல் விழுகிறது?

இந்த வாதங்களுக்கு நடுவே, 1897 ஜனவரி 10 அன்று ஒருவர் தாம் தயாரித்த பிளேக் தடுப்பூசியைத் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். வால்டெமார் ஹாஃப்கினின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)