பைபர் டிவிக்கு மாறுகிறீர்களா? பழைய ரெக்கார்டிங்குகளை மறந்துவிடாதீர்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக் கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. ஒரு பைல் நம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் அது நம் கையில் இருக்கிறது. அதைக் காப்பி செய்யலாம், பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாம், கம்ப்யூட்டரையே மாற்றினாலும் எடுத்துச் செல்லலாம். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் ரெக்கார்டிங் பாக்ஸிலும் இதே போன்ற ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பாடம் அங்கே செல்லாது. எங்கள் வீட்டில் இதைக் கொஞ்சம் கசப்பாகத்தான் தெரிந்து கொண்டோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கள் வீடு ஆற்காட்டில். அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஷிப்ட் வேலை என்பதால் பிடித்த நிகழ்ச்சி எதையும் அவரால் நேரத்துக்குப் பார்க்க முடியாது. அதற்காகவே ரெக்கார்டிங் வசதியுள்ள டி.டி.எச். பாக்ஸ் ஒன்றை வாங்கினோம். 2019 பொங்கலுக்கு ஒளிபரப்பான ஒரு பட்டிமன்றத்தை அம்மா அதில் பதிவு செய்து வைத்திருந்தார். வேலூரில் படமாக்கிய நிகழ்ச்சி அது. பார்வையாளர் வரிசையில் அப்பா கைதட்டிச் சிரிப்பது பன்னிரண்டு விநாடி வரும். 2021-ல் அப்பா இறந்த பிறகு, அம்மா அதை அடிக்கடி போட்டுப் பார்ப்பார்.

பிறகு எங்கள் தெருவுக்கு பைபர் வந்தது. "நெட்டு, டிவி ரெண்டும் ஒரே பில்லுல வந்துடும்மா" என்றார் இணைப்புக் கொடுக்க வந்தவர். டிஷ் சந்தாவை நிறுத்தினோம். இரண்டு வாரம் கழித்து அம்மா பழைய பாக்ஸை ஆன் செய்து பட்டிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார். லிஸ்ட்டில் பெயர் இருக்கிறது, படம் வரவில்லை. "இந்தச் சேனலுக்குச் சந்தா இல்லை" என்ற செய்திதான் வந்தது.

"உன் லேப்டாப்புல போட்டு எடுத்துக் குடுடா" என்றார் அம்மா. பலன் இருக்காது என்று தெரிந்தும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப்பில் இணைத்தேன். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் முன் பார்மட் செய்ய வேண்டும்" என்றது விண்டோஸ். அங்கே பார்மட் பட்டனை அழுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். கேன்சல் செய்துவிட்டு டிஸ்க்கைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். மீதியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், ஏன் இப்படி என்று பார்ப்போம்.

டி.வி.ஆர். எப்படி வேலை செய்கிறது?

டி.வி.ஆர். என்பது டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர். அமெரிக்காவில் 1999-ல் டிவோ, ரீப்ளே டிவி என்ற பெயர்களில் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டில் 2008-ல் வந்த டாடா ஸ்கை பிளஸ் இதைப் பல வீடுகளுக்கு அறிமுகம் செய்தது. (அந்த நிறுவனத்தின் பெயர் 2022 முதல் டாடா ப்ளே.)

டிஷ்ஷிலோ கேபிளிலோ வரும் டிஜிட்டல் சிக்னல் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோதான். டி.வி.ஆர். அதை அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக் கொள்கிறது. அதனால்தான் ஓடிக் கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துப் பிறகு தொடர முடிகிறது. பாக்ஸில் இரண்டு ட்யூனர் இருந்தால் ஒரு சேனலைப் பார்த்துக் கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம்.

எவ்வளவு பதியலாம்? ஒரு எச்.டி. சேனல் விநாடிக்கு 8 மெகாபிட் அளவில் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அப்படியானால் விநாடிக்கு 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 மெகாபைட், அதாவது 3.6 ஜி.பி. 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 139 மணி நேரம் பிடிக்கும். சாதாரண எஸ்.டி. சேனல் என்றால் இன்னும் பல மடங்கு.

பூட்டு எங்கே இருக்கிறது?

அனலாக் கேபிள் காலத்தில் பூட்டே கிடையாது. வி.சி.ஆரில் பதியலாம், கம்ப்யூட்டரில் டிவி ட்யூனர் கார்டு போட்டு நேராக ஹார்ட் டிஸ்க்கிலும் பதியலாம். கேபிள் டிவியை டிஜிட்டலாக மாற்றும் வேலை நான்கு கட்டங்களாக நடந்தது. கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31. டிஜிட்டலோடு சேர்ந்து பூட்டும் வந்தது.

கட்டணச் சேனல்கள் என்கிரிப்ட் செய்யப்பட்டு வருகின்றன. சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறும் சாவி ஒன்றால்தான் படத்தைத் திறக்க முடியும். உங்கள் சந்தா நடப்பில் இருந்தால் மட்டுமே பாக்ஸ் அந்தச் சாவியை எடுத்துக் கொடுக்கும். ரெக்கார்டிங்கும் பூட்டியபடியேதான் டிஸ்க்கில் உட்காருகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு பாக்ஸில் மாட்டினாலும் ஓடாது. போதாக்குறைக்கு, விண்டோஸுக்குப் புரியாத பைல் சிஸ்டம் வேறு. பார்மட் செய்யச் சொல்வது அதனால்தான்.

இது நிறுவனத்தின் விருப்பம் மட்டும் அல்ல. பதிவு வசதியுள்ள செட்டாப் பாக்ஸில் காப்பித் தடுப்பு கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் அமைப்பின் 2017-ம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன.

ஆனால் சட்டத்தின் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 39-வது பிரிவின்படி, ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்து கொள்வது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறுவது ஆகாது. பதிவு செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. எடுத்துச் செல்ல பாக்ஸ் அனுமதிப்பதில்லை. இந்த இடைவெளியில்தான் எங்கள் பன்னிரண்டு விநாடி மாட்டிக் கொண்டது.

பைபர் வந்தால் என்ன மாறும்?

'பைபர் டிவி' என்று விற்கப்படுவது மூன்று வகை. உங்களுக்கு வருவது எது என்று தெரிந்து கொள்ளுங்கள்.

1. பைபர் வழியாகக் கேபிள்: சுவரில் மாட்டும் பைபர் மோடத்தில் 'கேபிள் டிவி' என்று ஒரு வட்டமான போர்ட் இருக்கும். அதிலிருந்து வழக்கமான கேபிள் ஒயர் செட்டாப் பாக்ஸுக்குப் போகும். டிவியைப் பொறுத்தவரை பழைய கேபிள்தான்.

2. ஐ.பி.டி.வி.: கேபிளில் எல்லாச் சேனலும் ஒயரில் ஒன்றாக வந்து நிற்கும், பாக்ஸ் ஒன்றைப் பொறுக்கிக் கொள்ளும். ஐ.பி.டி.வி.யில் நீங்கள் கேட்கும் சேனல் மட்டும் அனுப்பப்படுகிறது. பி.எஸ்.என்.எல். 2024-ல் தன் பைபர் இணைப்புகளுக்கு ஐ.எப்.டி.வி. என்ற சேவையைத் தொடங்கியபோது, முதலில் அது கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 500-க்கும் மேற்பட்ட சேனல்கள். டிவி பார்ப்பது உங்கள் டேட்டா அளவில் கழியாது என்று அறிவித்தார்கள். ஏர்டெல் 2025-ல் ஐ.பி.டி.வி. தொடங்கியது.

3. இன்டர்நெட் ஆப்கள்: ஸ்மார்ட் டிவியிலோ ஆண்ட்ராய்டு பாக்ஸிலோ ஓடுபவை. இங்கே பைபர் வெறும் இன்டர்நெட்தான்.

பின்னால் சொன்ன இரண்டிலும் பெரும்பாலும் வீட்டில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. அதற்குப் பதில் 'கேட்ச்-அப்' என்ற வசதி தருகிறார்கள். நிகழ்ச்சி நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். சில நாட்கள், சில சேவைகளில் ஏழு நாட்கள் வரை, பின்னோக்கிப் பார்க்கலாம். பதிவு செய்ய மறந்துவிட்டோமே என்ற கவலை இல்லை. டிஸ்க் பழுதாகும் பயமும் இல்லை. நைட் ஷிப்ட் முடித்து வருபவருக்கு இது நல்ல வசதிதான். ஆனால் எந்தச் சேனல், எந்த நிகழ்ச்சி, எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது அவர்கள். கெடு முடிந்தால் நிகழ்ச்சி போய்விடும்.

"பாக்ஸிலிருந்து வரும் எச்.டி.எம்.ஐ. ஒயரை கம்ப்யூட்டரில் சொருகிப் பதிந்து கொள்ளலாமே?" என்று சிலர் கேட்கலாம். அதற்கும் எச்.டி.சி.பி. என்ற பூட்டு உண்டு. பெரும்பாலும் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.

பிற நாடுகளில் எப்படி? அமெரிக்காவில் வெரைசான் நிறுவனம் 2005-ல் பைபர் டிவியைத் தொடங்கியது. அங்கே 'கேபிள் கார்டு' என்ற சாவி அட்டையை வாங்கி, கடையில் வாங்கிய சொந்த ரெக்கார்டரில் சொருகிக் கொள்ள அரசு விதி வழி செய்தது. அந்த விதியும் 2020-ல் நீக்கப்பட்டது. நம் நாட்டில் அதே 2020-ல், ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் மற்ற நிறுவனத்திலும் வேலை செய்யும்படி இருக்க வேண்டும் என்று டிராய் பரிந்துரை செய்தது. நடைமுறையில் இன்றும் நிறுவனம் மாறினால் பாக்ஸும் மாற வேண்டியிருக்கிறது.

மாறும் முன் செய்ய வேண்டியவை

* பழைய சந்தாவை நிறுத்தும் முன் பாக்ஸில் உள்ள ரெக்கார்டிங் லிஸ்ட்டை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒருமுறை பாருங்கள். உங்களுக்குச் சாதாரணமாகத் தெரிவது வேறு ஒருவருக்கு முக்கியமாக இருக்கலாம்.

* புதிய நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ரெக்கார்டிங் உண்டா, கேட்ச்-அப் மட்டுமா? எத்தனை நாள், எந்தச் சேனல்களுக்கு? சந்தா நின்றால் பதிவுகள் ஓடுமா?

* பாக்ஸ் உங்களுக்குச் சொந்தமா, வாடகையா என்று பாருங்கள். வாடகை என்றால் திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கும் போய்விடும். நான் செய்தது போல் பாக்ஸைத் திறக்காதீர்கள்.

* எந்த டிஸ்க்கைச் சொருகினாலும், விண்டோஸ் பார்மட் செய்யச் சொன்னால் யோசிக்காமல் சம்மதிக்காதீர்கள். கேன்சல்தான் முதல் பதில்.

* கம்ப்யூட்டருக்கு எடுத்துச் செல்லும் பதிவு வேண்டும் என்றால், டி.டி. ப்ரீ டிஷ் போன்ற இலவசச் சேனல்களுக்கான பாக்ஸ்களில் யு.எஸ்.பி. ரெக்கார்டிங் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பூட்டு இல்லாத சேனலை இவற்றில் பல 'டி.எஸ்.' வகை பைலாகப் பதியும். அது வி.எல்.சி. ப்ளேயரில் ஓடும். பென் டிரைவ் 'பேட் 32' முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தால் ஒரு பைல் 4 ஜி.பி.க்கு மேல் போகாது. நீண்ட நிகழ்ச்சி துண்டு துண்டாக வரும்.

எங்கள் பட்டிமன்றம் என்ன ஆனது?

அந்த டிஷ் இணைப்பை மீண்டும் ஒரு மாதத்துக்கு ரீசார்ஜ் செய்தேன். அரை மணி நேரத்தில் சந்தா உயிர் பெற்றது, பட்டிமன்றமும் ஓடியது. டிஸ்க்கில் எதுவும் அழியவில்லை, சாவிதான் நின்று போயிருந்தது. ஜன்னல் திரையை இழுத்து விட்டு, அம்மா தன் மொபைலை டிவிக்கு நேராகப் பிடித்து அந்தப் பகுதியைப் பதிவு செய்தார். கை நடுங்கியதில் படம் லேசாக ஆடுகிறது. மின்விசிறிச் சத்தமும் சேர்ந்துவிட்டது. அந்த பைலை லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, அக்காவிடம் ஒன்று என மூன்று காப்பி எடுத்து வைத்திருக்கிறோம்.

இரண்டரை மணி நேர எச்.டி. பதிவு பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஆடும் படமாக ஒரு நிமிடம். அதைத் திறக்க யாருக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை.