வண்ண மீன்களின் ஆகாரமும் ஜீவசத்துக்களும்

கோயிற் குளத்து மீன்களுக்குப் பொரி இடுவது நம் நாட்டில் புண்ணியமாகக் கருதப்படுகிறது. திருவண்ணாமலை ஐயங்குளம் போன்ற பெரிய நீர்நிலையில் வாழும் மீன் பொரியை மட்டும் நம்பியிருப்பதில்லை. பாசி, புழு, நீர்ப்பூச்சி முதலியவற்றைத் தானே தேடிக்கொள்ளும். சிமெண்டுத் தொட்டியில் தங்கமீனும் வண்ணக் கெண்டையும் வளர்க்கும் அங்கத்தினர்களின் நிலைமை வேறு. அங்கே நாம் இடாதது மீனுக்குக் கிடையாது.

நம் ஜில்லாவில் நிலக்கடலை மிகுதியாதலின் பிண்ணாக்கு எளிதில் அகப்படுகிறது. தவிட்டுடன் சேர்ந்து அது வயிற்றை நிரப்பும்; சதையும் வைக்கும். ஆயின் ‘ஸி’ ஜீவசத்தை அவற்றில் எதிர்பார்த்தற்கில்லை. நெல்லிக்காயில் நிறைந்துள்ள இச்சத்தை ஆடுமாடுகள் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். மனிதனைப் போலவே பெரும்பாலான மீன்களுக்கும் அது இயலாது. இச்சத்துக் குறைந்தால் குஞ்சுகளின் முதுகெலும்பு வளையும்; செவுள் மூடி குறுகும்; புண் எளிதில் ஆறாது. வளைந்த மீன் சென்னைக் கொளத்தூர்ச் சந்தையில் விலைபோகாது. எல்லா வளைவுக்கும் இதுவே காரணம் என்பதன்று. பல குஞ்சுகள் ஒரே சமயத்தில் வளைந்தால் தீனியையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சங்கத்தின் மூலம் தீனியை மொத்தமாக வாங்குவது லாபமே. ஆனால் சாதாரண ‘ஸி’ ஜீவசத்து வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளுக்கு நாள் அழியும். பல மாதம் கிடங்கிற் கிடந்த மூட்டையில் அதிற் சிறு பகுதியே எஞ்சும். தயாரித்த தேதியைப் பார்த்து, இரண்டு மாதத்தில் தீரும் அளவே வாங்குக. பாஸ்பேட்டுடன் இணைந்த ‘ஸி’ சத்து விலை கூடினாலும் நெடுநாள் தாங்கும். பூசணம் பூத்த பிண்ணாக்கு விஷமாகலாம். இனாமாகக் கிடைப்பினும் வேண்டாம்.

சுண்ணாம்புச் சத்தை மீன் நீரிலிருந்தே செவுளால் ஈர்த்துக்கொள்ளும். ஆதலின் கடின நீருள்ள ஊரில் கிளிஞ்சல் தூள் வாங்கிக் கலப்பது பெரும்பாலும் வீண்செலவு. பாஸ்பரஸ் தீனியின் வழியாகவே வரவேண்டும். தவிட்டில் அது மிகுதியாயினும், மீன் சீரணிக்க இயலாத உருவில் பெரும்பகுதி அடைபட்டிருக்கிறது. தங்கமீனும் கெண்டையும் இரைப்பையில்லாத ஜாதி. எலும்புத் தூளைக் கரைக்கும் அமிலம் அவற்றிற்குச் சுரப்பதில்லை. எளிதிற் கரையும் பாஸ்பேட்டு உப்புச் சேர்ந்த தீனியே அவற்றிற்குப் பயன்படும்.

மீனின் செந்நிறமும் ஆகாரத்தைப் பொறுத்ததே. பாசியிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் உள்ள மஞ்சட் பொருளைத் தின்றே தங்கமீன் தன் சிவப்பை ஆக்கிக்கொள்கிறது. சாமந்தி இதழை உலர்த்திப் பொடித்துச் சிறிது கலப்பதும் உண்டு. இதற்காக வாடிய மாலைகளைத் தொட்டியில் எறியலாகாது. அவை அழுகிப் பிராணவாயுவைக் குறைக்கும். ஒரு தொட்டியையேனும் பச்சை நீராக விட்டு, அதில் நீர்த்தெள்ளை வளர்த்து, முதல் மாதம் குஞ்சுகளுக்கு இட்டுவருவது பொடித்தீனியை விட மேலானது.