நான்கு சட்டங்கள், ஒரு போர்வை

பழந்துணிகளை இணைத்துப் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, ஒருமுறை துவைத்ததும் பஞ்சு ஒரு மூலையில் திரண்டு, அடித்துணி சுருங்கிப் போவதுண்டு. அடித்துணி, பஞ்சு, மேல்துணி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணையாமல் நழுவுவதே இதற்குக் காரணம்.

அமெரிக்கக் கிராமத்துப் பெண்கள் இக்குறையை மரச்சட்டம் கொண்டு தீர்த்தனர். நான்கு நீண்ட சட்டங்களைச் சதுரமாக அடுக்கி, மூலைகளை இரும்புக் கவ்விகளால் இறுக்கி, நாற்காலிகளின் முதுகில் ஏற்றி வைப்பர். இடமில்லாத வீடுகளில் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, வேலை முடிந்ததும் மேலே இழுத்துக் கட்டிவிடுவர்.

முதலில் அடித்துணியை விறைப்பாகச் சட்டத்தில் பூட்டுங்கள். அதன்மேல் பஞ்சைச் சீராகப் பரப்பி, மேல்துணியை விரியுங்கள். பின்னர் நெருக்கமாகத் தைப்பதானால், இப்போது நீண்ட தற்காலிகத் தையல் மட்டும் போடுங்கள். முடிச்சிட்டே முடிப்பதானால், சுமார் 4 அங்குலத்திற்கு ஒன்றாகக் கெட்டி நூலைக் கீழே செலுத்தி மேலே எடுத்து, இரட்டை முடிச்சிடுங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் துணி சுருங்கும். கை எட்டும் தூரம் முடிந்ததும், அப்பக்கத்துச் சட்டத்தைச் சுருட்டி உள்ளே செல்லுங்கள்.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், குளிருக்கு அஞ்சி, நைந்த வேலையாடைகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கிழிந்ததென்று ஒதுக்கிய துணியும் பொறுமையுள்ள கைகளில் குடும்பத்தைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?