சிறகாக நீண்ட விரல்

சலவைத் தொழிலாளர் ஒரு காலத்தில் ஓடையில் துணி வெளுத்த, சிங்கப்பூரின் டோபி காட்டில் இன்று ரயிலைவிட்டு இறங்கி மேலேறி வருவோருக்குச் சற்றுத் தொலைவிலேயே, ஸ்டாம்ஃபர்டு சாலையில், 1887-இல் திறக்கப்பட்ட பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகம் குவிமாடத்தோடு நிற்கிறது. அக்கட்டடம் இன்று தேச சரித்திரத்துக்கு உரியது. அதிலிருந்த பிராணிகளின் சேகரமோ பல இடம் மாறி, கென்ட் ரிட்ஜில் 2015-இல் திறக்கப்பெற்ற லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், மூன்று நெடுங்கழுத்து டைனோசர்களின் எலும்புக்கூடுகளோடு இடம்பெற்றிருக்கிறது. அத்தகைய டைனோசர்கள் நடமாடிய யுகத்தில் ஆகாயத்தை ஆண்ட டெரோசார்களைப் பற்றி நம்மவர் அறிந்திருப்பது சொற்பம்; அதிலும், அவை டைனோசர்களே என்பதும், பாறை உச்சியிலிருந்து குதித்து மிதந்து இறங்கத் தெரிந்தவையேயன்றி மெய்யாகப் பறக்கத் தெரியாதவை என்பதுமாகிய இரண்டு பிழைகள் வேரோடியிருக்கின்றன. அவை டைனோசர்களின் நெருங்கிய உறவினமேயொழிய டைனோசர்கள் அல்ல. பறவையும் வௌவாலும் தோன்றுமுன்னரே, முதுகெலும்புடைய ஜீவராசிகளுள் முதன்முதலாகச் சிறகடித்துப் பறந்தவை அவையே.

மிதந்து இறங்குவது எத்தகையது என்பதை அறிய யுகங்களைக் கடந்து செல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரின் பூங்காக்களிலேயே பறக்கும் ஓணான் வாழ்கிறது. அதன் உறவினம் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. வெளியே நீண்ட விலா எலும்புகளின்மேல் படர்ந்த தோலை விரித்து அது மரத்துக்கு மரம் தாவுகிறது. அவ்வாறு தாவும்போது முன்னங்கைகளால் அத்தோலின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறது என்பதைத் தென்னிந்திய இனத்தைக் கவனித்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியிட்டது. ஆயினும் விலா எலும்பைச் சிறகாக அடிக்க இயலாதாகையால், புறப்பட்ட உயரத்தைவிடத் தாழ்ந்த இடத்தையே அது சென்றடைய வேண்டும்.

டெரோசாரின் சிறகைத் தாங்கியதோ கையின் நான்காம் விரல். ஏனைய மூன்று விரல்களும் சிறு நகங்களோடு நின்றுவிட, அவ்வொரு விரல் மட்டும் அளவிறந்து நீண்டு, உடலின் பக்கவாட்டிலிருந்து வரும் தோற்படலத்தை ஏந்தி நின்றது. படலத்தினுள் நெருங்கிய நார்கள் ஓடி அதற்கு விறைப்பளித்தன. மணிக்கட்டில் முளைத்த ஒரு சிற்றெலும்பு முன்விளிம்பைக் கட்டுப்படுத்தியது. சிறகடிக்கும் தசைகள் அகன்ற மார்பெலும்பில் பற்றியிருந்தன. கோலினி என்பவர் 1784-இல் வர்ணித்தபோது கடற்பிராணியாக இருக்கலாம் என்று ஊகிக்கப்பட்ட ஜெர்மானியப் புதைபடிவத்தை, 1801-இல் குவியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி, பறக்கும் ஊர்வனவென்று எலும்பின் அமைப்பைக்கொண்டே கண்டறிந்த சாமர்த்தியம் வியக்கத்தக்கது. காற்றறைகள் நிறைந்த அவ்வெலும்புகளின் சுவர் மிக மெல்லியதாகையால், பெரும்பாலானவை மண்ணில் நசுங்கி அழிந்தன. இந்தியாவில் கோட்டா பாறைகளிலிருந்து 1974-இல் விவரிக்கப்பட்ட முகத்துண்டும் டெரோசாருடையதுதானா என்று பின்வந்தோர் ஐயுற்றனர்.

டெக்சாஸில் 1971-இல் கண்டெடுக்கப்பட்ட குவெட்சல்கோட்லஸ் என்னும் டெரோசார், சிறகு விரித்தால் ஏறத்தாழ பத்து மீட்டர் இருந்தது. இத்துணைப் பெரிய பிராணி தரையிலிருந்து எவ்வாறு எழும்பிற்று? சிறகை மடக்கி நான்கு காலாலும் நடந்தமைக்கு அவற்றின் சுவடுகளே சாட்சி. பறவை பின்னங்கால்களால் உந்தி எழுவதுபோலன்றி, சிறகடிக்கும் தசைகளின் முழு வலிமையும் சேர, முன்னங்கைகளாலேயே தரையை உந்தித் துள்ளி அவை எழுந்தன என்று 2008-இல் ஆய்வாளர் மைக்கேல் ஹபீப் முன்வைத்த கருத்தே எனக்கு மிகவும் பொருத்தமாகப்படுகிறது. பாறை உச்சி தேவையில்லை என்பதை அது ஒன்றே தெளிவாக விளக்குகிறது.

உணவிலும் ஒருமை இல்லை. டெரனோடான் மீனுண்டது, அர்ஜென்டினாவின் டெரோடாஸ்ட்ரோ, கீழ்த்தாடையில் அடர்ந்த தூரிகை போன்ற பற்களால் நீரை வடித்துச் சிற்றுயிர்களைத் தின்றது, சிற்றினங்கள் பூச்சி பிடித்தன. குவெட்சல்கோட்லஸின் இனத்தவையோ, வயலில் நாரை நடந்து இரை பொறுக்குவதுபோல, தரையில் நடந்தே சிறு பிராணிகளைக் கொத்தித் தின்றிருக்கலாம் என்பர். அவற்றின் குஞ்சுகளைப் பற்றியும் சான்று உண்டு. சீனாவில் ஹாமியில் கிடைத்த ஹாமிப்டெரஸ் இனத்தின் இருநூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை 2017-இல் ஆராய்ந்தோர், சிலவற்றுள் கருவின் எலும்புகளையும் கண்டனர். அக்கருக்களில் தொடையெலும்பு நன்கு உருவாகியிருக்க, சிறகுத் தசை பற்றும் எலும்பு முதிராதிருந்தமையால், குஞ்சுகள் பொரித்ததும் நடக்கவல்லனவாயினும் உடனே பறக்கவல்லன அல்ல என்று அவர்கள் கருதினர். வேறு சிலர், பொரித்த சிறிது காலத்திலேயே அவை பறந்திருக்கும் என்று இன்றும் வாதிடுகின்றனர்.