விதைப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

சங்கத்திலிருந்து நூல் வந்தவுடன் எந்த நெசவாளரும் அதை அப்படியே பாவு ஓட்டிவிடுவதில்லை. சிட்டத்தை எண்ணுகிறார், இழையை விரலால் இழுத்துப் பார்க்கிறார், நம்பர் சரியில்லையென்று தோன்றினால் திருப்பிக் கொண்டுவந்து கேள்வி கேட்கிறார். கைத்தறிச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுந்தோறும் இந்த ஜாக்கிரதையைக் கண்டு வருகிறேன். ஆனால், அதே ஊர்களில் விவசாயச் சங்கத்தைச் சேர்ந்த அங்கத்தினர்களுள் பெரும்பாலோர் விதைப் பையைப் பிரித்த கையோடு நாற்றங்காலுக்குப் போய்த் தூவிவிடுகிறார்கள். முளைக்குமா முளைக்காதா என்பதை நிலமே சொல்லட்டும் என்பது அவர்கள் எண்ணம். நிலம் சொல்லத்தான் செய்யும். ஆனால் அது பதில் சொல்வதற்குள் இரண்டு வாரம் கழிந்துவிடும். பருவம் நமக்காகக் காத்திராது.

விதையைச் சோதிப்பதற்கு ஆய்வுக்கூடம் அவசியமில்லை. நூறு விதையும், ஒரு முழத் துணியும், சிறிது பொறுமையும் போதும். பையின் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் விதை எடுத்துக் கலந்து, அதிலிருந்து பொறுக்காமல் நூறு எண்ணிக்கொள்ள வேண்டும். பருமனானவற்றைக் கண் தானாகவே தேடும். அதற்கு இடங்கொடுத்தால் சோதனை வீண். துணி பருத்தித் துணியாக இருக்கலாம். நெசவாளர் வீடுகளில் கோடித் துணிக்குக் குறைவில்லை. ஆயினும் அதிலுள்ள கஞ்சி பூஞ்சணத்துக்கு நல்ல உணவாதலால், கஞ்சி போக அலசி, வெந்நீரில் கொதிக்கவைத்து, பிறகே உபயோகிக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியின்மீது வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை வைத்து, பாய்போல் சுருட்டி, நிழலில் வைத்துவிடலாம். துணி உலரவும் கூடாது, நீர் சொட்டவும் கூடாது. நீர் மிகுந்தால் விதைக்குக் காற்றுக் கிடையாது, அழுகிவிடும்.

நெல்லாயின் ஐந்தாம் நாள் முதல் எண்ணிக்கையும் பதினான்காம் நாள் முடிவான எண்ணிக்கையும் எடுப்பது வழக்கம். மிளகாயும் கத்தரியும் சற்றே சோம்பலானவை. ஏழாம் நாளுக்கு முன் பிரித்துப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. வேரும் தளிரும் ஒருங்கே செவ்வையாக வந்தவற்றை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேர் மட்டும் நீட்டி நின்றுவிட்டது, நுனி கருகியது, முறுக்கிக்கொண்டது ஆகியவை முளைத்தவை அல்ல. இவ்விடத்தில்தான் பலர் தாராள மனம் காட்டிவிடுகிறார்கள்.

சான்று பெற்ற விதைக்குச் சட்டப்படி வேண்டிய குறைந்தபட்ச முளைப்புத் திறன் நெல்லுக்கு நூற்றுக்கு 80, கத்தரிக்கு 70, மிளகாய்க்கு 60. உங்கள் துணியில் நெல் 60 தான் முளைத்ததென்று வைத்துக்கொள்வோம். 24 கிலோ விதைக்க வேண்டிய இடத்தில் 32 கிலோ விதைத்தால் நாற்றின் எண்ணிக்கை சரிக்கட்டிவிடும். கணக்கு சரிதான், ஆனால் நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. பாதி உயிர் போன விதைக் குவியலில் எஞ்சியவையும் வலுக்குறைந்தே இருக்கும். துணியில் முளைத்தது சேற்றில் தலைதூக்காமல் போகலாம். வேறு விதை கிடைக்குமாயின் மாற்றிக்கொள்வதே மேல். ஒரு விலக்கு உண்டு: அறுவடையான புதிது என்றால், சில நெல் ரகங்கள் சில வாரங்கள் உறங்கிக் கிடக்கும். அவை செத்த விதை அல்ல; சிறிது காலங் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும்.

விதை ஏன் சாகிறது? பெரும்பாலும் ஈரத்தாலும் வெப்பத்தாலுமே. ஹாரிங்டன் என்ற விதை நிபுணர் வகுத்த விதி ஒன்று எளிதில் நினைவில் நிற்கும்: விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒன்று குறையுந்தோறும் அதன் ஆயுள் இரட்டிக்கிறது, சேமிப்பிடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அவ்வாறே. ஈரப்பதம் ஐந்துக்கும் பதினான்குக்கும் இடையில் இருக்கும்வரை இவ்விதி பொருந்தும். அடுப்படிப் பரணில், மழைக் காலத்தில், வாய் கட்டாத சாக்கில் கிடக்கும் விதை எப்படிப் பிழைக்கும்? நன்கு உலர்த்திய விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக் குளிர்ந்த அறையில் வைத்தால், செலவின்றியே ஆயுள் கூடும். வெங்காய விதை மட்டும் எவ்வளவு பேணினாலும் சீக்கிரம் கைவிடும். அதை ஆண்டுதோறும் புதிதாகவே கொள்வது நலம்.

தென் மாவட்டங்களில் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெண்கள் முளைப்பாரி வளர்ப்பதை நேயர்கள் அறிவர். பல தானியங்களைச் சட்டியிலிட்டு, இருட்டறையில் வைத்து, தண்ணீர் தெளித்து வளர்க்கிறார்கள். பக்தியின் காரியம் அது; எனினும் எந்த வீட்டு விதை எப்படி முளைத்தது என்பது ஊரறியத் தெரிந்துவிடுகிறதல்லவா? அதைத்தான் நாம் துணியிலும் காகிதத்திலும் செய்யப்போகிறோம்.

காகிதம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனது சரகத்தில் ஓர் அங்கத்தினர் அரை ஏக்கருக்கு மிளகாய் விதை வாங்கினார். பதினைந்து நாளாகியும் பாத்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே தலைகாட்டின. விற்றவரிடம் போனால், “ஆழமாகப் போட்டிருப்பீர்கள், தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்” என்று பதில் வந்தது. ரசீது வாங்கவில்லை, பை குப்பையோடு எரிந்துவிட்டது, எத்தனை விதையில் எத்தனை முளைத்தது என்பதற்கு எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது நாற்றுவிட்டு நடுவதற்குள் பட்டம் தவறிவிட்டது. பயிர்க் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நின்றது.

விவசாயிக்குச் சட்டத்தின் துணை இல்லாமலில்லை. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே, நுகர்வோர் மன்றத்தில் அவர் நஷ்டஈடு கோரலாம் என்று தேசிய விதைக் கழகம் சம்பந்தமான வழக்கில் 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி, சோதனைக்கென்று மாதிரி எடுத்து வைத்திருப்பார் என எதிர்பார்க்க இயலாதென்றும் அத்தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆயினும் ரசீதும், பையிலிருந்த அட்டையும், ஒரு பிடி விதையும் கையிலிருந்தால் வழக்கின் பாரம் பாதியாகக் குறையும். சான்று விதைக்கு நீல அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை. உண்மைநிலை விதைக்கு இளம்பச்சை. குவியல் எண்ணும், சோதித்த தேதியும் அவற்றில் காணப்படும். ஐயம் தோன்றினால், விதைப்பதற்கு முன்பே விதைப் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பிச் சிறு கட்டணத்தில் முடிவு பெறலாம்.

இனி என் உத்தேசத்தைக் கூறுகிறேன். சில பருவங்களாக என் வீட்டுத் தோட்டத்திலும், விரும்பிய அங்கத்தினர் சிலர் இல்லங்களிலும் நடந்த துணிச் சோதனைகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ரகம், விதை வந்த வழி, அறுவடை மாதம், நூற்றுக்கு எத்தனை முளைத்தது, நாற்றங்காலில் எத்தனை நின்றது, அந்த வாரம் மழை உண்டா என்பவையே அதிலுள்ளவை. ஒரு நோட்டு ஒருவருக்குத்தான் பயன்படும். ஆகவே சொந்தச் செலவில் சிறியதோர் இணையதளம் அமைத்து, இக்கணக்கை எல்லோரும் காணும்படி வைக்கக் கருதியுள்ளேன். துறையின் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அங்கத்தினர் பெயர் அதில் வராது. ஊரும் ரகமும் மட்டுமே வரும். விற்பனையாளர் பெயரையும் போடப்போவதில்லை. துணிச் சோதனை நம் எச்சரிக்கைக்கு ஏற்றதேயன்றி, ஒருவரைக் குற்றஞ்சாட்டப் போதுமான சாட்சி ஆகாது. அதற்கு ஆய்வுக்கூட முடிவே வேண்டும். சில நண்பர்கள் இதனைக் கோழைத்தனம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

வீட்டிலேயே விதையெடுத்துப் பாதுகாக்கும் நாட்டு ரகங்களுக்குத் தனிப் பக்கம் உண்டு. தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயரிட்டு விற்காதவரை விற்கவும் 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம் இடமளிக்கிறது. யாரிடம் என்ன விதை இருக்கிறதென்று தெரியாததே நம் குறை. வீரிய ஒட்டு ரகங்களை மட்டும் இதில் சேர்க்கவில்லை. அவற்றின் விளைச்சலிலிருந்து எடுத்த விதை தாயைப்போல் வருவதில்லை.

கைப்பேசியில் பார்க்க வசதியில்லாதவர்களுக்காக, மாதம் ஒருமுறை அப்பக்கத்தை அச்செடுத்துச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஏற்பாடு செய்யலாம். சம்பா நாற்றங்காலுக்கும் புரட்டாசி மிளகாய்க்கும் விதை வாங்கும் காலம் இது. உங்கள் எண்ணிக்கையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் எனக்கு வந்துசேரும். நூற்றுக்கு இருபதே முளைத்திருந்தாலும் அப்படியே எழுதுங்கள். நெல், மிளகாய், கத்தரி மூன்றோடு தொடங்குகிறேன். பருத்தியை மாசிப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.