கரிசலில் காலூன்றிய குடும்பங்கள்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு மேற்கே மலை மறித்து நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். இந்தப் பக்கம் வருவது காற்றுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். வறண்ட நிலம் என்றே இதைச் சொல்லலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் உழவர் குடும்பம் இங்கே நிலைப்பதென்றால், மழை இல்லாத மாதங்களைக் கடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கு வாழ்ந்தவர்களில் பலர் வேறு திசைகளிலிருந்து வந்த குடிகள். நாயக்கர் ஆட்சிக் காலத்தையொட்டித் தெலுங்கு பேசும் உழவர்கள் வடக்கிலிருந்து வந்தார்கள். தெற்கே பனங்காடுகளிலிருந்து நாடார் வணிகர்கள் வந்து சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்) போன்ற ஊர்களில் வணிகப் பேட்டை அமைத்தார்கள். அப்படி வடக்கிலிருந்து வந்த ஒரு கூட்டம் காட்டை எரித்துக் கரிசலை விளைநிலமாக்கிய கதைதான் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் மழையில் குடித்த ஈரத்தை வாரக்கணக்கில் விடாது வைத்திருக்கும். இந்த ஒரு குணத்தை நம்பித்தான் வேளாண்மை முழுவதும். கோடை உழவு போட்டு, ஆட்டுக்கிடை அமர்த்தி, புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். கம்பும் சோளமும் வீட்டுக் குலுக்கையை நிறைத்தன, பருத்திதான் காசு. விதை நீக்கிய பஞ்சு சந்தைக்குப் போனது, பருத்திக்கொட்டை மாட்டுக்கு, காய்ந்த பருத்திமார் அடுப்புக்கு. ஒரு செடியை இவ்வளவு முழுமையாகப் பயன்படுத்திய குடும்பங்கள் குறைவு.

குடிநீருக்கு மழைநீர் தேங்கும் ஊருணியே கதி. கரிசலில் தோண்டிய கிணறுகள் பல உப்புக் கரித்தன. செவல் நிலத்தில் நல்ல நீர் கிடைத்தவர்கள் கமலை பூட்டினார்கள். மாடுகள் சரிவில் இறங்க இறங்கச் சால் மேலேறி நீரைக் கொட்டும். கம்போடியாவிலிருந்து விதை வந்து சேர்ந்தபோது, அந்த நீண்ட இழைப் பருத்திக்கு இந்தக் கிணற்றுப் பாசனம்தான் கைகொடுத்தது. மானாவாரிக் கரிசலுக்கு உரியது கருங்கண்ணிப் பருத்தி. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் பண்ணை அதை மேம்படுத்த உழைத்தது. ரயில் பாதை தூத்துக்குடித் துறைமுகத்தோடு இணைத்ததால் விருதுபட்டி பெரிய பஞ்சுச் சந்தையானது. அந்த ஊர் 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறியது.

மழை பொய்த்தால் இவையெல்லாம் போதவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் ஆட்கள் கிளம்பினார்கள். ஊரிலேயே இருந்தவர்களுக்கு வேறொரு வழி திறந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். பயிரைக் கருக்கிய அதே வறண்ட வெயில், மருந்து தோய்த்த குச்சியை உலர்த்தப் பொருத்தமாக இருந்தது. பட்டாசுத் தொழில் 1940களில் வேகம் பிடித்தது.

பல குடும்பங்களிடம் கரிசல்காடு அப்படியே இருந்தது. கைகள் மட்டும் தொழிற்சாலைக்குப் போயின. தீப்பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்கே வந்தது. பெண்களோடு பிள்ளைகளும் அதில் மூழ்கி, பல தலைமுறைகள் படிப்பை இழந்தன. வெடிவிபத்துகளில் போன உயிர்களுக்கு எந்தக் கூலியும் ஈடாகாது. ஆனாலும், பஞ்சம் பிழைக்க ஊரை விட்டுப் போகாமல் பலரைத் தடுத்தது இந்தத் தொழில்தான் என்பதும் உண்மை.

உலர்த்த வெயில் வேண்டும் என்பதால், பட்டாசு ஆலைகள் மழைநாளில் முடங்கும். ஐப்பசியில் தீபாவளி முடிந்ததும் பல ஆலைகள் சில வாரங்கள் மூடப்படும். கரிசல்காட்டுப் பயிர் மழைக்கு ஏங்கி நிற்பதும் அந்த நாட்களில்தான்.